மூடி வைத்த வெந்நீர்

அக்கா இறந்துபோன அன்றைக்கும் வீட்டுக்கு வந்து, குளித்து, நான் மூடி வைத்திருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போயிருந்தாள். போகும்போது எனக்கு ஒரு வாளி வெந்நீரும் மூடி வைத்திருந்தாள். மாலையில் வேலை முடிந்து வந்த நான் அதில் குளித்துவிட்டு, அவள் ராத்திரி வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் சேதி சொல்ல ஒருவர் வந்தார். அவள் முதல்நாள் காலையிலேயே, வேலையிலிருந்து திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தாள். இதயம். கழுத்தில் தொங்கிய வேலை அட்டையை வைத்து எங்கள் முகவரியைக் கண்டுபிடிக்க ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகியிருந்தது.

"இருக்காதுங்க. நேத்து சாயங்காலம்கூட இங்கேருந்துதான் போயிருக்கா," என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அவளை நேரில் பார்த்தே வெகுநாளாகியிருந்தது.

இதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

நானும் அக்காவும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். அந்தக் கட்டடத்தை நடுவில் ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கும். சுவரோடு சுவராகத் துவைக்கும் மெஷின்களைப் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு வாய். அந்தப் பக்க வாயில் அழுக்குத் துணியைப் போட்டால், இந்தப் பக்க வாயில் துவைத்த துணியை எடுக்கலாம். அழுக்குப் பக்கத்து ஆள் சுத்தப் பக்கத்துக்கு வரக்கூடாது. இந்தப் பக்கத்து ஆள் அங்கே போகக்கூடாது. அக்கா அழுக்குப் பக்கம், ராத்திரி ஷிஃப்ட். நான் சுத்தப் பக்கம், பகல் ஷிஃப்ட். ரத்தமும் சீழும் பட்ட துணிகளைப் பிரித்துப் போடும் வேலைக்குத் தனிப்படி உண்டு. ராத்திரிக்கு இன்னொரு படி. அந்த இரண்டு படிக்காகத்தான் அவள் அதைக் கேட்டு வாங்கினாள். விடியற்காலையில் அவள் போட்ட கடைசிச் சுமையை நான் காலையில் முதல் வேலையாக எடுத்து மடிப்பேன். அவள் தொட்ட துணியைத் தொடுவேன், அவளைப் பார்க்க முடியாது.

வீட்டிலும் அதே கதைதான். நான் கிளம்பிப் போன பிறகு அவள் வருவாள். அவள் கிளம்பிப் போன பிறகு நான் வருவேன். விடுமுறை நாளில் சம்பளம் கூடுதல் என்பதால் இரண்டு பேரும் விடுமுறை எடுப்பதில்லை. எப்போதாவது நான் போகும் பேருந்தும் அவள் வரும் பேருந்தும் எதிரெதிரே நிற்கும்போது, கண்ணாடி வழியாக அவள் தலையைச் சாய்த்துத் தூங்குவது தெரியும்.

அதனால் ஒருத்தி இருக்கிறாள் என்பதை மற்றவள் தெரிந்துகொள்வதற்கு எங்களுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. வீட்டில் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் சின்னது. ஒரு வாளி நிரம்ப ஒரு பாடு நேரமாகும். அசந்து வருகிறவள் அதுவரை காத்து நிற்கக்கூடாது என்று, வீட்டை விட்டுக் கிளம்புகிறவள் ஒரு வாளி வெந்நீர் பிடித்து, அகலமான தட்டால் மூடி, மேலே பழைய துண்டைப் போட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும். அக்காவுக்கு அது கட்டாயம். அழுக்குப் பக்கத்திலிருந்து வருகிறவள் என்பதால் குளிக்காமல் நாற்காலியில் உட்கார மாட்டாள், தண்ணீர்ச் செம்பைத் தொட மாட்டாள். செருப்பை வாசலில் விட்டவள் நேரே குளியலறைக்குத்தான் போவாள். எனக்கு அவள் வைக்கும் தண்ணீர் எப்போதும் ஒரே பதத்தில் இருக்கும். கை பொறுக்கிற சூடு என்பாள். நான் அவளுக்கு வைப்பது ஒரு நாள் கொதிக்கும், ஒரு நாள் பச்சைத் தண்ணீராக இருக்கும். மறுநாள் போனில் திட்டுவாள்.

"ஏய் சின்னவளே, என்னைக் குளிப்பாட்டப் பாக்குறியா, கோழி மாதிரி உரிக்கப் பாக்குறியா?"

இவ்வளவு பாடும் என் மகளுக்காக. அவள் என் அண்ணன் வீட்டில் வளர்ந்தாள். அவளுடைய அப்பா வேறு குடும்பம் தேடிக்கொண்டு போனபோது அவளுக்கு நடக்கவே தெரியாது. முதலில் அக்கா இந்த நாட்டுக்கு வந்தாள். பிறகு என்னை அழைத்துக்கொண்டாள். மகளை அழைப்பதற்குத்தான் கோடு குறுக்கே நின்றது.

இங்கே நம் ஆட்கள் அதைக் கோடு என்றுதான் சொல்வார்கள். சொந்த பந்தத்தை வரவழைக்க நினைப்பவர், வருகிறவரைத் தன் சம்பாத்தியத்திலேயே வைத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்ட வேண்டும். வீட்டில் எத்தனை தலையோ அதற்குத் தகுந்த வருமானம். ஒரு தலை கூடினால் கோடும் ஒரு படி மேலே போகும். வருகிறவளையும் சேர்த்து நாங்கள் மூன்று பேர், சம்பளம் இரண்டு. மூன்று பேருக்கான கோட்டை ஒரு வழியாகத் தொட்டு, விண்ணப்பத்தைத் தயார் செய்துகொண்டிருந்த மாதத்தில்தான் அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று காலையில், பழக்கதோஷத்தில் வாளியை நிரப்பி மூடி வைத்துவிட்டுப் போய்விட்டேன். பேருந்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது. சாயங்காலம் வந்து பார்த்தபோது வாளி நிரம்பித்தான் இருந்தது. காலையில் வைத்தது வைத்தபடி கிடக்கிறது என்று நினைத்து, கீழே ஊற்றுவதற்காகத் தட்டை எடுத்தேன். ஆவி வந்தது. கையை விட்டேன். கை பொறுக்கிற சூடு.

பயம் வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் வரவில்லை. அந்தத் தண்ணீரில் குளித்தேன். மறுநாள் காலையிலும் நிரப்பி வைத்தேன். ஒரு தட்டில் சாப்பாடும் மூடி வைத்தேன். மாலையில் தட்டு கழுவிக் கவிழ்ந்திருந்தது. அக்கா உயிரோடு இருந்தபோது எனக்கு எவ்வளவு கிடைத்தாளோ அவ்வளவுதான் இப்போதும் கிடைத்தாள். இதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

பிறகு விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினோம். எழுதிக் கொடுத்தவள் ஜெராக்ஸம்மா. நகல் எடுக்கும் கடையில் ஆரம்பித்து, நகல் எடுக்க வருகிறவர்களின் ஃபாரங்களை நிரப்பிக் கொடுத்தே பெரிய ஆளானவள்.

"இப்ப ரெண்டே தலைதானே. நீ, உம் பொண்ணு. உன் ஒரு சம்பளமே கோட்டைத் தாண்டுது பாரு, மயிரிழையில. ஒரு விதத்துல ஆள் கொறஞ்சதும்..." என்று ஆரம்பித்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தாள்.

என் மகளுக்குப் பதினெட்டு முடிய அதிக நாள் இல்லை. முடிந்துவிட்டால் அவள் பிள்ளைக் கணக்கில் வர மாட்டாள். தனி ஆளாக விண்ணப்பிக்க வேண்டும். அப்படி விண்ணப்பித்து வந்து சேர்ந்தவர் ஒருவரைக்கூட எங்களுக்குத் தெரியாது. எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்றுதான் இருந்தேன். அப்போதுதான் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

ஜெராக்ஸம்மா அதை இரண்டு முறை படித்தாள்.

"முகவரிக்கு அத்தாட்சியா தண்ணி பில்லும் கரண்டு பில்லும் வெச்சோம்ல. அதைக் குடைஞ்சிருக்கான். உங்க அக்கா இருந்தப்ப என்ன செலவோ அதே செலவு இப்பவும் ஆகுதாம். ஒரு சொட்டு கொறையலையாம். அப்ப வீட்டுல காட்டாத ஆள் ஒண்ணு இருக்குங்கறான். அது யாருன்னு சொல்லணும். இல்லேன்னா அந்தத் தலையையும் சேத்து மூணு பேர் கோட்டுக்கு வருமானம் காட்டணும். சொல்லு, யாரை வெச்சிருக்க?"

"யாரும் இல்ல."

"எங்கிட்ட என்னடி ஒளிவு மறைவு? ஆம்பளையா?"

"சத்தியமா யாரும் இல்ல."

"அப்ப தண்ணியை யாரு குடிக்கிறா, குழாயே குடிக்குதா?"

குழாய்தான் குடிக்கிறது என்று நிரூபித்தால் தப்பிக்கலாம் என்பது அவள் யோசனை. ஒழுகல் என்று குழாய்க்காரர் எழுதிக் கொடுத்தால் போதும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஒழுகலாக மட்டும் இருந்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டுதான் அவரை வரவழைத்தேன்.

குழாய்க்காரர் நிதானமான மனிதர். எல்லாக் குழாயையும் மூடினார். மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அதன் சின்னச் சக்கரம் அசையவே இல்லை. கழிவறைத் தொட்டியில் நீலப் பொடி தூவிப் பார்த்தார். நீலம் கீழே இறங்கவில்லை. ஹீட்டரின் அடியைத் துணியால் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒழுகல் இல்லம்மா. மீட்டரும் நல்ல மீட்டர்."

"அப்ப எப்படிங்க இவ்வளவு ஆகுது?"

"யாரோ குளிக்கிறாங்க," என்றார். "வேறென்ன."

"நான் தனியாத்தான் இருக்கேன்."

அவர் குளியலறையை எட்டிப் பார்த்தார். சுவர் ஆணியில் இரண்டு துண்டுகள் தொங்கின. இரண்டும் ஈரம். ஒன்று என்னுடையது. கூலியில் பாதியைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டு, படியில் இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் மகள் போன் செய்தாள். எதையும் குறையாகச் சொல்லிப் பழகாதவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அம்மா, இங்க புதுசா பீரோ வாங்கியிருக்காங்க. எனக்கு ஒரு தட்டு குடுங்கன்னு கேட்டேன். போறவளுக்கு எதுக்குடி தட்டுன்னு அத்தை சொல்லிட்டாங்க."

"சும்மா சொல்லியிருப்பாங்க."

"எப்பவும் அப்படித்தாம்மா. கட்டில் கேட்டா போறவ. சைக்கிள் கேட்டா போறவ. எட்டு வயசுலேருந்து போயிக்கிட்டே இருக்கேன், இன்னும் தெருமுனையைத் தாண்டல. என் துணியெல்லாம் இன்னமும் பெட்டியிலதான் இருக்கு. வீட்டுல ரேஷன் கார்டுல பேரை எடுத்துட்டாங்க, தெரியுமா? நான் எந்த வீட்டுக் கணக்கும்மா?"

இரண்டு வீட்டிலும் தலைகளை எண்ணுகிறார்கள். ஒரு வீட்டில் உயிரோடு இருக்கும் பெண்ணை எண்ண மறுக்கிறார்கள். இன்னொரு வீட்டில் இல்லாதவளை எண்ணுகிறார்கள்.

சலவைக்கூடத்தில் என்னோடு துணி மடிக்கும் பெண்ணுக்கு நோட்டீஸ் என்று பேர். எதைச் சொன்னாலும் மதியத்துக்குள் எல்லோருக்கும் விநியோகித்துவிடுவாள். அவளிடம் சொல்லக்கூடாது என்று இருந்தும், மகள் போன் செய்த மறுநாள் அவள்தான் எதிரே இருந்தாள். ஒரு போர்வையின் இரண்டு முனையை அவளும் இரண்டு முனையை நானும் பிடித்திருந்தோம். சொல்லி முடித்தேன். அவள் போர்வையை விடவில்லை.

"உங்க அக்கா உசிரோட இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? பொண்ணு வரணும்னா நான் வெளியில போறேன்டின்னு அவங்களே போயிருப்பாங்க இல்ல?"

"போயிருப்பா."

"அப்ப சொல்லிடுங்க. சொன்னா கேப்பாங்க. தண்ணி வெக்கிறதை நிறுத்துங்க. போறப்ப மெயின் குழாயை மூடிட்டுப் போங்க. ஒரு பில் கொறைஞ்சு வந்துட்டா அதைக் காட்டிடலாம்."

அதிசயமாக, இந்த விஷயத்தை மட்டும் அவள் யாருக்கும் விநியோகிக்கவில்லை.

அன்று மாலை குளியலறை வாசலில் நின்று அக்காவிடம் சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், ஆளைப் பார்த்துப் பேசுவதுபோல் வாளியைப் பார்த்துத்தான் பேசினேன்.

"அக்கா, பாப்பா வரணும். உன்னையும் சேத்து எண்ணினா எனக்குப் பத்தலக்கா. கோவிச்சுக்காத."

மறுநாள் காலையில் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே போய், எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரும் வால்வை இறுக்கி மூடிவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்தபோது வாளி கவிழ்ந்தபடி இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. ஆணியில் தொங்கிய அவளுடைய துண்டு விறைத்துப்போய் அப்பளம் மாதிரி இருந்தது. அக்கா இறந்த பிறகு அந்த வீட்டில் நான் தனியாகப் படுத்தது அன்றுதான்.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. மீட்டரைப் பார்த்தேன். சக்கரம் ஒருத்தி தண்ணீருக்குத்தான் சுற்றியிருந்தது. ஜெராக்ஸம்மாவிடம் சொன்னபோது, "பாத்தியா, சிக்கனமா இருந்தா எல்லாம் வழிக்கு வரும்," என்றாள். பில் வர இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி இருந்தது. காலையில் மெஷின் வாயைத் திறந்து முதல் சுமையை எடுக்கும்போதெல்லாம், அந்தப் பக்கத்து வாய் வழியாக யாரோ குனிந்து என்னைப் பார்க்கிறார்கள் என்று தோன்றும். பார்த்தால் ஈரத் துணிதான் இருக்கும்.

எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒரு டிரைவர் குடிவந்திருந்தார். நம் பாஷைக்காரர். அக்கா போன பிறகு வந்தவர். அவருக்கு அவளைத் தெரியாது. ஒருநாள் மாலை நான் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது அவர் தன் வீட்டு வாசலில் காலணிக்கு மை பூசிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த அம்மாவுக்கு ஒரு சாவி போட்டுக் குடுத்துடக்கூடாதா?"

"எந்த அம்மாவுக்கு?"

"தினம் காலைல வந்து உங்க கதவுகிட்ட நிக்கிறாங்களே, அவங்களுக்கு. நீங்க போன கொஞ்ச நேரத்துல வந்துடறாங்க. நான் வண்டி எடுக்கப் போறப்பவும் நிக்கிறாங்க, மத்தியானம் சாப்பிட வர்றப்பவும் நிக்கிறாங்க. வயசானவங்க, காலு வலிக்காதா?"

சாவி என் கையில் இருந்தது. அதைத் துவாரத்தில் போட என்னால் முடியவில்லை.

"ஒக்காருங்கம்மான்னு ஒரு ஸ்டூல்கூட எடுத்துப் போட்டேன்," என்றார் அவர், மை டப்பாவை மூடிக்கொண்டே. "ஒக்கார மாட்டேங்கறாங்க. தண்ணி குடுத்தேன், செம்பைத் தொட மாட்டேங்கறாங்க. இன்னும் குளிக்கலப்பா, குளிச்சாத்தான் தொடுவேங்கறாங்க. என்ன வேலைம்மா பாக்கறாங்க? மேல மருந்து வாசம் அடிக்குது."

நான் படியிறங்கிப் போய் வால்வைத் திறந்தேன். மேலே வந்து ஹீட்டரைப் போட்டுவிட்டு, வாளி நிரம்பும்வரை குளியலறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர் ஸ்டூல் போட்ட இடத்தில் நான் அவளை நிற்க வைத்திருக்கிறேன். அழுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்தவளை. யாருக்காக நின்றாளோ அவள் பேரைச் சொல்லியே நிற்க வைத்திருக்கிறேன். தட்டால் மூடினேன். துண்டைப் போட்டேன். கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு எதிர்வீட்டு ஸ்டூலை எடுத்து மாடிப்படி ஓரமாகப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் ஒன்றும் புரியாமல் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் வீட்டுக்குள் செம்பு வாளியில் இடிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சத்தம் ஓயும்வரை நான் உள்ளே போகவில்லை.

போனபோது தரை ஈரமாக இருந்தது. துண்டு ஈரமாக இருந்தது.

இனி அவளைப் போகச் சொல்ல என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. மகளை விடவும் முடியாது. அப்படியானால் மூன்று பேருக்கும் வருமானம் காட்டுவது ஒன்றுதான் வழி. எத்தனை முறை யோசித்தாலும் கணக்கு அங்கேயேதான் வந்து நின்றது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போனேன்.

"அழுக்குப் பக்கம், ராத்திரி ஷிஃப்ட் வேணும் சார்."

"உங்க அக்கா எடமா? அது காலியாத்தான் கெடக்கு. ஆள் போட்டுப் போட்டுப் பாக்கறேன், நிக்க மாட்டேங்கறாங்க." கொஞ்சம் தயங்கினார். "நல்லா யோசிச்சீங்களா? பொண்ணு வரப்போகுதுன்னு சொன்னீங்க. பொண்ணு பகல்ல படிக்கப் போகும், நீங்க ராத்திரி இங்க இருப்பீங்க. மூஞ்சியைப் பாத்துக்க முடியாதே."

"பழக்கம்தான் சார்," என்றேன்.

அக்காவின் கையுறை அளவுதான் எனக்கும். அவளுடைய பூட்டுப் பெட்டியையே எனக்குக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு சீப்பும் பாதி தீர்ந்த தலைவலித் தைலமும் இருந்தன. எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்கள். இருக்கட்டும் என்றேன்.

இரண்டு படிகளும் சேர்ந்து, புதுச் சம்பளம் மூன்று பேர் கோட்டைத் தாண்டியது. வேலையிடத்தில் அத்தாட்சி வாங்கிக்கொண்டு ஜெராக்ஸம்மாவிடம் போனேன்.

"சரி, வருமானம் ஆச்சு. ஆனா அந்த மூணாவது ஆள் யாருன்னு கேட்டிருக்கானே, அதுக்கு என்ன எழுதறது?"

"நடந்ததை எழுதுங்க. அக்கா இருந்தா, இறந்துட்டா. அதுக்கப்புறமும் தண்ணிச் செலவு கொறையல. குழாய்ல ஒழுகல் இல்ல. மூணு பேருன்னே வெச்சுக்குங்க, மூணு பேரையும் என்னால காப்பாத்த முடியும்னு எழுதுங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடைக்குள் நின்ற வேறு ஆட்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்கு ஆம்பளையான்னு கேட்டேன் பாரு. அதை மனசுல வெச்சுக்காத."

"இல்லம்மா."

"உங்க அக்காவுக்கு என் கடையில நகல் எடுத்த பாக்கி இருக்குன்னு சும்மா வம்புக்கு இழுப்பேன். வந்தா சொல்லிடு, அதெல்லாம் இல்லேன்னு." அதைச் சொல்லிவிட்டு வேகவேகமாக எழுத ஆரம்பித்தாள். எழுதியதற்குக் காசு வாங்கவில்லை.

அலுவலகத்துக்குத் தண்ணீரைக் குடிப்பது யார் என்பதில் உண்மையில் அக்கறை இல்லை. கோடு தாண்டியதா என்பதுதான் அக்கறை. தாண்டியிருந்தது. மகளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் அனுமதி வந்துவிட்டது.

அவள் ஒரே ஒரு பெட்டியோடு வந்தாள். அந்தப் பெட்டியைப் பிரித்துத் துணியை அடுக்குவதற்கு அவளுக்கு இரண்டு வாரமாயிற்று. அலமாரியைத் திறந்து, தனக்கென்று ஒதுக்கிய தட்டை அடிக்கடி பார்ப்பாளாம். அவள் வந்ததற்காக நான் எடுத்த விடுப்பு முடிந்ததும், எங்கள் வாழ்க்கை பழையபடி ஆகிவிட்டது. காலையில் அவள் வகுப்புக்குப் போன பிறகு நான் அழுக்குப் பக்கத்திலிருந்து வருவேன். நேரே குளியலறைக்குப் போவேன். மூடி வைத்த வெந்நீர் இருக்கும். குளித்து, சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, சமைத்து மூடி வைத்துவிட்டு, அவள் வருவதற்குள் ஓடுவேன். பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பெஞ்சில் நான் உட்காருவதில்லை. எதிர்ப் பேருந்தில் எப்போதாவது அவள் முகம் தெரியும். ஜன்னலோரத்தில் ஏதாவது படித்துக்கொண்டிருப்பாள்.

சொல்லிக் கொடுக்காமலே தண்ணீர் வைக்கிறாளே என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அத்தனை அவசரத்தில் கிளம்புகிறவள், எனக்காக ஹீட்டரைப் போட்டுக் காத்திருந்து வைக்கிறாள். நேரில் பார்க்கும்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில் மெஷின் ஒன்று பழுதாகி எங்களுக்கு விடுப்புக் கொடுத்த நாளில்தான் அதற்கு நேரம் கிடைத்தது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். சாயங்காலம் எனக்குத் தண்ணி வெக்காதம்மா. நீயே தூக்கத்துல எழுந்து அரக்கப்பரக்க ஓடுற. இதுல ஹீட்டர் போட்டு, பிடிச்சு, மூடி வேற வெக்கணுமா? நான் வந்து வெச்சுக்குவேன்ல."

நான் அவளுக்கு ஒரு நாளும் தண்ணீர் வைத்ததில்லை. சமைத்து முடிக்கவே எனக்கு நேரம் சரியாக இருக்கும்.

"சூடு சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"அதெல்லாம் கரெக்டா இருக்கும். கை பொறுக்கிற சூடு."

வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினேன். அள்ளிய தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"காலைல நீ போறப்ப எனக்கு..."

"உனக்கு என்ன?"

"தண்ணி."

"அய்யோ, உனக்கு நான் வெக்கணுமாம்மா? சொல்லவே இல்லையே நீ. எனக்குக் காலைல பல்லு தேய்க்கவே நேரமில்லாம ஓடுறேன்." அவள் முகம் வாடிவிட்டது. "இத்தனை நாளா வந்து வந்து பச்சைத் தண்ணியிலயா குளிச்ச? நாளையிலேருந்து நான் வெக்கறேன்."

"வேணாம்டி. இருக்கட்டும்."

"ஏன்?"

"வெந்நீர் இருக்கு," என்றேன்.

அந்த மாதத் தண்ணீர் பில் அலமாரியின் மேல் பிரிக்காமல் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். மூன்று பேர் தண்ணீர்.

மறுநாள் மாலை வேலைக்குக் கிளம்பும்போது, சமையல்மேடையில் இரண்டு தட்டு மூடி வைத்தேன்.